நூற்றிருபது நாள் பாத்தியதை

தேனி,
14-8-1978.

திருவாளர் செல்லப்பாண்டி அவர்களுக்கு,
ஏலக்காய்க் கமிஷன் மண்டி, போடிநாயக்கனூர்.

விலங்கியல் பேராசிரியர் சங்கரலிங்கம் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தையும் அதற்கு மேற்பட்ட செய்திகளையும் தாங்களே ஊர் ஊராகச் சென்று அறிவித்துவருவதால், அது குறித்து வினவும் வழக்கமான வரியை விட்டுவிட்டேன். தங்கள் தமக்கையை மணந்த நாள் முதல் தங்களை 'நீ' என்றே அழைத்துவந்தவன் நான். இக்கடிதத்தில் 'தாங்கள்' என்று வருவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தூரம்.

என் புகார்கள், கால வரிசைப்படி:

1. 14-2-1971, போடி. தங்கள் மகனின் காதுகுத்து. மொய் வாசிக்கும் மைக்கைத் தாங்களே கையில் பிடித்துக்கொண்டு, முதுகலைப் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறிய என்னை, "தவளை வாத்தியார் சங்கரலிங்கம், தேனி" என்று வாசித்தது. ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டில் ஒன்று பேருந்து நிலையத்தைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது.

2. 4-5-1978, மதுரை. வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கொட்டி நான் நினைவின்றி அறுவை மேசையில் கிடந்தபோது, என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல், தங்கள் இரத்தத்தில் ஒரு பாட்டிலை என் உடலுக்குள் அனுப்பியது.

3. 9-5-1978, அதே மருத்துவமனை. மூக்கில் குழாய் செருகியிருந்ததால் என்னால் மறுத்துப் பேச இயலாத நேரம் பார்த்து, என்னைக் காண வந்தவர்களிடம், "மச்சான் ஒடம்புல இப்ப ஓடுறது நம்ம ரத்தம்" என்று விளக்கம் அளித்தது. புறப்படும்போது என் தலையணைக்கு அடியில் ஒரு பை ஏலக்காயைச் செருகிவிட்டுச் சென்றது.

4. 2-7-1978, போடியிலிருந்து தேனி வரும் பேருந்து. "காலேஜ்ல பாடம் நடத்துறது அவுக வாயி, நடத்த வைக்கிறது என் ரத்தம்" என்று முன்பின் அறியாத பயணிகளிடம் கூறியது. அதே பேருந்தில் பின் இருக்கையில் இருந்தவர் எங்கள் வேதியியல் துறை மீரான் மைதீன். மறுநாள் ஆசிரியர் அறையில் எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். எனக்கா தங்களுக்கா என்று கேட்டேன். பாதிப் பாதி என்றார்.

5. 6-8-1978, தேவதானப்பட்டி. என் மகள் சொர்ணலதாவை மணக்கவிருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு, என்னால் அனுப்பப்படாமலும் அவர்களால் அழைக்கப்படாமலும் சென்று, நடுக்கூடத்தில் அமர்ந்து, "பொண்ணுக்கு நான் தாய்மாமன். இப்ப பாதித் தகப்பனும் நாந்தான்" என்றது.

முதற்புகார் தொடங்கி ஏழாண்டுகளாக நான் தங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை, தாங்களும் என் வாசற்படியை மிதிக்கவில்லை. இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் நிறைவாகவே இருந்தது. அதைக் கலைத்தது என் வயிறு. என் இரத்தம் எளிதில் கிடைக்காத பிரிவு என்று மருத்துவர் சொல்லவும், தங்களுக்கும் அதே பிரிவுதான் என்று அறிந்திருந்த தங்கள் தமக்கை ராஜமணி என்னைக் கேளாமல் (கேட்கும் நிலையில் நானும் இல்லை) தங்களுக்குத் தந்தி அடித்துவிட்டாள். தாங்கள் ஏலக்காய் மூட்டைகளை இறக்கக்கூட நேரமின்றி அதே ஜீப்பில் மதுரைக்கு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்தீர்கள். நான் பிழைத்தேன். இதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. நன்றி தெரிவித்து 20-5 அன்று நான்கு வரியில் ஒரு கடிதமும் அனுப்பினேன். அக்கடிதத்திற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டியில் தராசுக்கு மேலே மாட்டியிருப்பதாகவும், விலை பேச வருபவர்கள் அதைப் படித்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டியிருப்பதாகவும் அறிகிறேன்.

வெளியில் இப்படி என்றால், வீட்டுக்குள் நிலைமை இதைவிட மோசம். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவன் ஏதோ ஒரு செய்திக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், உடனே அடுக்களையிலிருந்து தங்கள் தமக்கை ஓடிவந்து, "ஆத்தாடி, அப்படியே எந் தம்பி சிரிப்பு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடுத்த வாரம் கத்தரிக்காய் விற்பவளிடம் ஒருமுறை பேரம் பேசினேன், அதுவும் தங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, மதிய உணவுக்குப் பின் கண்ணயர்ந்தால் அது தம்பி தூக்கம், இரண்டாம் முறை இரசம் கேட்டால் அது தம்பி பசி, ஒரு நாள் கால் இடறி நான் சொல்லக்கூடாத சொல் ஒன்றைச் சொல்லிவிட்டேன், அதைக் கேட்டு என் மகள் "மாமா வந்திருக்காகளா" என்று வாசலுக்கே ஓடினாள். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் தன் வீட்டில் தன் பெயரால் ஒரு தும்மல்கூடத் தும்ம முடியவில்லை.

ஆகவே, தாங்கள் கொடுத்தது என்ன, கொடுக்காதது என்ன என்பதை ஒருமுறை தெளிவாக்கிவிடுகிறேன். தங்களுக்குப் புரியும்படி மண்டியை வைத்தே சொல்கிறேன்.

நம் உடம்பு உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் உட்கரு என்று ஒன்று உண்டு. அது கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியைப் போன்றது. என்ன செய்ய வேண்டும், எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதெல்லாம் அங்கிருந்து வரும் உத்தரவு. ஒரே வேலையைச் செய்யும் அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து நிற்பது திசு. போர்த்துவதற்கு ஒரு திசு, சுருங்கி விரிய ஒரு திசு, தாங்கிப் பிடிக்க ஒரு திசு, செய்தி சொல்ல ஒரு திசு. ஆனால் சிவப்பணு இருக்கிறதே, அது எலும்பு மஜ்ஜையில் உருவாகி வெளியே வருவதற்கு முன்பே தன் உட்கருவைத் தூக்கி வெளியே எறிந்துவிடுகிறது. கல்லாவில் முதலாளி கிடையாது. இடம் முழுவதும் சரக்குக்கே. நுரையீரலில் உயிர்வளியை ஏற்றுகிறது, விரல் நுனியில் இறக்குகிறது, திரும்புகிறது. தான் யாருடைய ஆள் என்று அதற்குத் தெரியாது. தங்கள் சிரிப்பையோ பசியையோ பேரத்தையோ சுமந்து வர அதில் இடமும் இல்லை, வழியும் இல்லை. தாங்கள் எனக்குக் கொடுத்தது சுமை தூக்கும் ஆள்களை. தங்களை அல்ல.

மேலும், இந்த ஆள்களின் பணிக்காலம் நூற்றிருபது நாள். அதற்குள் மேல்தோல் நைந்து போகும். நைந்ததை மண்ணீரல் பிடித்து உடைத்துவிடும். தாங்கள் கொடுத்த பாட்டிலில் கிழட்டணுக்களும் இருந்திருக்கும், இளசுகளும் இருந்திருக்கும். அவற்றில் மே 4 அன்று பிறந்த கடைக்குட்டிக்குக்கூட ஆயுள் செப்டம்பர் 1 வரைதான். வெள்ளணுக்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. தாங்கள் கொடுத்தவற்றில் இன்றைய தேதியில் என் உடலில் எஞ்சியிருப்பவை ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. சொர்ணலதாவின் திருமணம் செப்டம்பர் 11. அன்று என் உடலில் தங்கள் அணு ஒன்றுகூட இருக்காது. பாதித் தகப்பன் என்ற பேச்சுக்கு அதற்குப் பத்து நாள் முன்பே ஆதாரம் அழிந்துபோகிறது.

இந்தக் கணக்கை நேற்று மாலை ராஜமணியிடம் தாளில் போட்டுக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, அன்றைக்கு மைக்கில் பேசிய தம்பியின் வாய்த்தோல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். வாயின் உள்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடும் என்றேன். கேட்ட உங்கள் காதின் தோல் என்றாள். அது ஒரு மாதம் என்றேன். அன்றைக்கு அங்கே சாப்பிட்டீர்களே, அந்த வயிறு என்றாள். இரைப்பையின் உட்படலம் வாரத்துக்கு ஒருமுறை புதிதாகும் என்றேன். இரத்தம் அதற்குப் பிறகு இருபது தடவைக்கு மேல் மாறிவிட்டது, எலும்புகூடக் கொஞ்சங்கொஞ்சமாக அரித்து அரித்துப் பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டிருக்கும் என்று, கேட்காததையும் ஆசிரியப் பழக்கத்தால் சொல்லிவிட்டேன்.

"பேசுன வாயும் போச்சு, கேட்ட காதும் போச்சு," என்றாள் அவள். "இப்ப யாரு யாரு மேல கோவமா இருக்கீக?"

இது அறிவியலுக்குப் புறம்பான கேள்வி அன்று என்பதால் பதில் சொன்னேன். நரம்பணுக்கள் பிரிவதில்லை. பிறந்தபோது எனக்கு வாய்த்தவைதாம் கடைசி வரை. 14-2-1971 அன்று அந்தக் குழாயின் சத்தத்தை வாங்கிக்கொண்ட அதே அணுக்கள் இன்றும் பணியில் இருக்கின்றன. எனவே என் கோபம் உடலியல் அடிப்படையில் முற்றிலும் செல்லத்தக்கது என்று விளக்கினேன்.

அவள் கீரைக் காம்புகளை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கினாள். பிறகு, குரலை உயர்த்தாமல் இவ்வாறு கூறினாள்: "எம் மகளக் கையப் புடிச்சு மணையில ஏத்துறது அவ தாய்மாமன். அவன் வரலேன்னா நான் பந்தலுக்கு வரல. நீங்களும் உங்க நரம்பும் போயித் தாலியெடுத்துக் குடுங்க."

இருபத்தெட்டு ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் சொல்லிச் செய்யாமல் விட்டது எதுவும் எனக்கு நினைவில்லை. அழைப்பிதழ் அச்சகத்தில் நிற்கிறது. தாய்மாமன் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி வெற்றாக விடப்பட்டிருக்கிறது. அச்சகத்தார் நாள்தோறும் ஆள் அனுப்புகிறார். சம்பந்தி வீட்டாரோ, பெண் வீட்டில் முடிவு சொல்லும் மனிதர் நானா தாங்களா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். தாய்மாமன் என்ற முறையில் தங்களை அழைக்க வேண்டியிருக்கலாம். அதை நான் பரிசீலித்துவருகிறேன். ஆனால் அது ராஜமணியின் உடன்பிறப்பு என்ற ஒரே காரணத்துக்காக இருக்க வேண்டுமேயன்றி, என் நாளங்களில் தாங்கள் குடியிருப்பதாகச் சொல்லிக்கொள்வதற்காக இருக்கக் கூடாது.

எனவே, கீழ்க்காணும் வாசகத்தைத் தங்கள் கையால் எழுதி, தேதியிட்டு, கையொப்பத்துடன் அனுப்பக் கோருகிறேன்: "1-9-1978 முதல் பேராசிரியர் சங்கரலிங்கம் அவர்களின் உடலில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்றும், அவர் சிரிப்பு, பசி, தூக்கம் ஆகியவை அவருடைய சொந்தச் சுயார்ஜிதம் என்றும் உறுதி கூறுகிறேன்." இதற்கு எழுத்துமூலமான பதில் 25-8-1978, மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வந்தாக வேண்டும். தவறினால் அந்த வெற்று வரியை அடித்துவிட்டு அச்சிடச் சொல்லிவிடுவேன்.

தங்கள் துணைவியார் ஜக்கம்மாவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். அவர்கள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்.

பின்குறிப்பு: 16-8-1978. நேற்றுச் சுதந்திர தினம், தபாலாபீஸ் விடுமுறை, கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. இன்று காலை முதலாண்டு மாணவர்களுக்கு மண்ணீரல் பாடம். இருபத்தேழு வருஷமாகப் போடும் அதே படத்தைக் கரும்பலகையில் போட்டேன். சிவப்பணு கிழடாகிறது, மண்ணீரல் உடைக்கிறது. உடைந்ததில் இருக்கும் இரும்பை உடம்பு வெளியே விடுவதில்லை. அதைப் பத்திரமாக மஜ்ஜைக்கு அனுப்புகிறது, மஜ்ஜை அதை வைத்துப் புது அணுவைச் செய்கிறது. அம்புக்குறி போட்டு வட்டத்தை முடிக்கிற இடத்தில் சாக்பீஸ் நின்றுவிட்டது. வகுப்பைப் பத்து நிமிஷம் முன்னதாக விட்டுவிட்டேன். மேலே நான் போட்ட கணக்கில் இதை விட்டுவிட்டேன் மாப்ளே. உன் அணுக்கள் போய்விடும், உன் இரும்பு போகாது. நான் என் சொந்த அணு என்று நினைத்துக்கொண்டு செய்வதெல்லாம் இனி உன் இரும்பையும் கலந்துதான். அது என்னோடு எரிகிற வரைக்கும் இருக்கும். இதற்குத் தேதி போட எனக்கு வழியில்லை. அந்த வாசகத்தை எழுத வேண்டாம். அச்சகத்தில் உன் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜக்கம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, ராஜமணியிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீ வாசலில் வந்து நின்றால் அவளுக்கே தெரியும். வரும்போது கொஞ்சம் ஏலக்காய் கொண்டு வா, தலையணைக்கு அடியில் வைத்தது தீர்ந்துவிட்டது. மைக் செட்டுக்குச் சொல்லியாயிற்று. மொய் வாசிப்பது நீ. பெண்ணின் தகப்பன் பெயரைச் சொல்லும்போது, முன்னால் வழக்கமாகச் சேர்ப்பதையும் சேர்த்தே சொல், இல்லாவிட்டால் போடிக்காரர்களுக்கு ஆள் தெரியாது. குழாயைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.