மில்லிமீட்டரும் வளர்ந்த குழாயும்

பதுளையிலிருந்து லுணுகலை வரைக்கும் எதையும் அளக்காமல் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அளந்த பிறகும் நம்பமாட்டார் என்பதுதான் எங்களுக்கு வந்த தலைவலி. பெற்றோர் வைத்த பெயர் பதுளை ஆபீஸ் கோப்பில் மட்டும் இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் அவர் மில்லிமீட்டர்.

ஊர் யாழ்ப்பாணம். பதுளையில் தோட்டங்களின் இயந்திரங்களைப் பார்க்கும் உத்தியோகம். எண்பதுகளின் ஆரம்பத்தில் அவர் கைக்கு ஒரு கருவி வந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் பெருவிரல் அளவு குமிழ். குமிழை இரும்பில் வைத்து அழுத்தினால், நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் உள்ளே போய் மறுபக்கத்தில் முட்டித் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்து இரும்பு எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு என்று சிவப்பு எழுத்தில் காட்டும். வெட்டவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம்.

அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பசறையில், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் சாப்பாட்டுக் கடையில், அடுப்பு மூட்டுமுன் ரொட்டிக் கல்லை அளந்தார்.

"காக்கா, ஓரம் பதினொண்டு. நடு எட்டுத்தான் கிடக்கு. தேஞ்சு போச்சு."

"அதுதானா சேதி! நடுவுல கருகுது கருகுதுன்னு ஊட்டு ஆளயில்ல ஏசிக்கிட்டுத் திரியிறேன்!" என்றார் காக்கா. அந்த வீட்டில் சமாதானம் வந்தது மில்லிமீட்டரால்தான்.

எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்து டர்பைன் ஒன்று வெகுகாலமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மலை உச்சித் தொட்டியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து அதைச் சுற்ற வைக்கும் பெரிய இரும்புக் குழாய், தொழிலாளர் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக இருக்கும் பன்னிரண்டு காம்பரா லயத்துக்கு நேர் மேலே வளைந்து ஃபேக்டரிக்கு இறங்கும். டர்பைனை மறுபடி ஓட்டுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. சனிக்கிழமை திறப்பு விழா. பிரதம விருந்தாளி கொழும்பிலிருந்து வருகிறார். குறை ஒன்றுதான்: குழாய் தாங்கும் என்று மில்லிமீட்டர் கையெழுத்து வைக்க வேண்டும்.

குழாயின் அழகுக்கு மட்டும் குறைவில்லை. பெரிய மனிதர் யார் தோட்டத்துக்கு வந்தாலும், ரோட்டிலிருந்து தெரிகிற சாமானுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பது எங்கள் வழக்கம். லயத்துக் கூரை ஒழுகும். அது ரோட்டுக்குத் தெரியாது. குழாய் தெரியும். ஆகவே, வந்துபோன ஒவ்வொரு பெரிய மனிதருக்கும் ஒரு பூச்சு என்று வெள்ளிக் கலரில் மின்னும். விழாவுக்காகவும் புதிதாக ஒன்று பூசியிருந்தோம்.

வியாழக்கிழமை காலை மில்லிமீட்டர் வந்து இறங்கினார். அவர் சொல்லச் சொல்ல அளவை எழுதுவதற்குத் தோட்ட மேனேஜர் தொரை என்னை அனுப்பினார். நான் ஆபீஸ் கிளாக்கர். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துப் போனேன்.

ஒரு மணி நேரம் கருவியைச் சரிபார்க்கவே போயிற்று. படிக்கட்டு மாதிரி நாலு படி வெட்டிய இரும்புக் கட்டை ஒன்றை வெல்வெட் துணியிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு படியின் தடிப்பும் அதில் பொறித்திருக்கும். படியில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டார், குமிழை வைத்தார், திருகினார், துடைத்தார், மறுபடி வைத்தார். கருவி சொல்வதும் கட்டையில் பொறித்ததும் ஒன்றாகும்வரை விடவில்லை. நான் அதற்குச் சத்தியக் கட்டை என்று பெயர் வைத்தேன். தூறல் போட்டதும் குடையை விரித்துக் கருவிக்குப் பிடித்தார். தான் நனைந்தார், நானும் நனைந்தேன்.

லயத்தின் கடைசிக் காம்பரா ராசம்மா கொழுந்து பறிக்கப் போகிற வழியில் நின்று பார்த்தாள்.

"ஏங்கய்யா, கொழாய்க்குக் காய்ச்சலா? எண்ணெ தடவி வைத்தியம் பாக்குறீங்க. அப்புடியே என் முட்டியையும் கொஞ்சம் பாருங்களேன், ஏறி எறங்க முடியல."

மில்லிமீட்டர் சிரிக்கவில்லை. "முழங்காலுக்கு என்னட்டைக் கட்டை இல்லை அம்மா. கட்டை வைச்சுச் சரிபாக்காமல் அளந்தால் அது பொய்."

ஒரு வழியாகக் குழாயில் குமிழை வைத்தார். ஏழு புள்ளி ஒன்று. அங்கே வந்த தொரைக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, வெள்ளைக்காரன் சாமான்! எழுது கிளாக்கர், எழுது!"

மில்லிமீட்டர் முகம் கறுத்தது. பழைய வரைபடத்தை விரித்தார். குழாய் போட்ட காலத்திலேயே தடிப்பு கால் அங்குலம், ஆறு புள்ளி மூன்றுதான்.

"இரும்பு வளராது, சேர்," என்றார்.

சத்தியக் கட்டையை எடுத்து இன்னொரு முறை சரிபார்த்தார். கருவியில் பிழை இல்லை. நகத்தால் பெயின்டைக் கீறினார். "எத்தினை பூச்சு இது? பெயின்டுக்குள்ளை சத்தம் ஆறுதலா, மெள்ளத்தான் போகும். போய்வர நேரம் எடுத்தா, கருவி அதையும் இரும்பு எண்டு கணக்குப் போடும். சுரண்டத்தான் வேணும்."

"ஐயோ, சுரண்ட வேணாம்! சனிக்கிழமை ஓப்பனிங்!" என்று தொரை அலறினார். அதற்குள் மனிதர் சுரண்டத் தொடங்கிவிட்டார். மேலிருந்து கீழே, பத்தடிக்கு ஒரு வட்டம். மின்னிய குழாய்க்கு அம்மை போட்டதுபோல் ஆயிற்று. பத்து அளவுக்கு ஒரு தடவை சத்தியக் கட்டை வேறு. நாலு புள்ளி எட்டு, நாலு புள்ளி ஆறு என்று எழுதிக்கொண்டு வந்தேன். அதெல்லாம் தாங்கும் என்றார். லயத்துக்கு மேலே வளைவுக்கு வந்தோம். ராசம்மா காம்பராவுக்கு நேர் மேலே சுரண்டி, சொட்டு விட்டு, குமிழை வைத்தார்.

இரண்டு புள்ளி இரண்டு.

மூன்று தடவை வைத்தார். அதேதான். தொரை என் காதருகே குனிந்தார். "ஒரு எடம் மட்டும்தானே, கிளாக்கர். அது எழுத வேணாம்." நான் பேனாவை மூடினேன். பிள்ளைகுட்டிக்காரன், தொரை சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மில்லிமீட்டர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு பதுளைக்கே போய்விட்டார் என்று நினைத்தோம். கால் மணி நேரத்தில், ஆபீசிலிருந்து தொரையின் பிரம்பு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். வளைவுக்கு நேர் கீழே, ராசம்மா வாசலில் வைத்தார். சத்தியக் கட்டையில் கருவியைச் சரிபார்ப்பவர்போல நாற்காலியை அப்படியும் இப்படியும் நகர்த்திச் சரிசெய்தார்.

"சேர், பிரதம விருந்தாளி சனிக்கிழமை இதிலை இருக்கட்டும். பக்கத்திலை நீங்களும் இருங்கோ. பிறகு தண்ணியைத் திறப்பம். சம்மதம் எண்டால் இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

தொரை நாற்காலியைப் பார்த்தார். மேலே வளைவைப் பார்த்தார். காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்புவது அதுவரை கண்ணில் படவில்லை. ஒரு பிரம்பு நாற்காலி பட்டது. விழா ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த வாரம் வளைவைக் கழற்றும்போது ஃபிட்டர் அளந்த இடத்துக்குப் பக்கத்துத் துருவில் சின்னச் சுத்தியலால் தட்டினார். சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. ராசம்மா அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

புது வளைவு போட்டார்கள். மில்லிமீட்டர் வந்து அதில் ஒரு வட்டம் சுரண்டி அளந்து கையெழுத்து வைத்தார். முன்யோசனைக்காகத் தொரைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மில்லிமீட்டருக்கு இடமாற்றம் வந்தது, அம்பாந்தோட்டை உப்புக்காற்றுப் பக்கம். துருவுக்குப் பஞ்சமில்லாத இடம் என்பதால் அவர் சந்தோஷமாகவே போனார்.

அடுத்த பெரிய மனிதர் வருவதற்காக மறுபடி பெயின்ட் வாளி மலையேறியது. ராசம்மா முட்டிவலியோடு வளைவடியில் போய் நின்றுகொண்டாள்.

"அந்த வட்டத்துல பூசாதீங்க. ஐயா திரும்பி வந்தா கருவி வைக்க எடம் வேணும்ல?"

பூசவில்லை. நான் இதை அவருக்குக் கடிதமாக எழுதினேன். பதில் போஸ்ட்காட்டில் நலம் விசாரிப்பு ஒரு வரிகூட இல்லை. "வட்டத்தைச் சும்மா விட வேண்டாம். துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் தடவவும்."

அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை மாதாமாதம் எண்ணெய்க் கிண்ணத்தோடு மலையேறியது நான்தான். மனிதர் என்றைக்காவது வந்து குமிழை வைத்துப் பார்த்தால், குறை சொல்லக்கூடாது பாருங்கள்.