ஜுமரியாவின் வீடு இறங்கிய இடம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது எந்தக் கிழமை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லப்பாலே கிராமம் 'உரிமை'யைக் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கிராம அலுவலகக் கோப்பில் இதற்குக் கையெழுத்தோடு ஆதாரம் இருக்கிறது. கையெழுத்து தாஜங்குடையது. அவர்தான் கிராமச் செயலர்.

அதற்கு முன்பு சுலாவேசித் தீவின் அந்த மூலையில் மக்கள் இருளில் கிடந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மண் ஒருவருடையது. அதன்மேல் நிற்கும் வீடு இன்னொருவருடையது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னை மூன்றாமவருடையது. தென்னையிலிருந்து தானாக விழும் காய், முதலில் பார்த்தவருடையது. இத்தனை குழப்பத்தையும் வைத்துக்கொண்டு நான்கு தலைமுறையாக ஒரு வழக்குகூடப் போடாமல் இருந்திருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய அறியாமையின் ஆழத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இந்த இருளைப் போக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் கிராமத் தலைவர் ஹாஜி பல்லாவா. நகரத்திலிருந்து ஒரு சர்வேயரை வரவழைத்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை முக்காலியில் நிற்கும் கருவியோடு வந்த அந்த இளைஞரிடம் ஒரு படிவம் இருந்தது. ஒரு துண்டு நிலத்துக்கு ஒரு பெயர். பெயர் எழுத ஒரே ஒரு வரி.

"தம்பி, மண்ணு என்னுது, வீடு மச்சானுது, மாமரம் என் தங்கச்சிது. மூணு பேரையும் எழுதிக்க," என்றார் மீன் விற்கும் ஜமாலு.

"ஒரு வரிதாங்க இருக்கு."

"பொடிசா எழுதேன்."

"அப்படி இல்லீங்க. மேல நிக்கிறது எல்லாம் நிலத்தோட சேர்ந்தது. நிலம் யாருதோ, அதுவும் அவருது."

"கோழிகூடத்தான் மேல நிக்குது."

சர்வேயர் படித்தவர். சற்று யோசித்தார். "கோழி நகரும். நகராதது மட்டும்தான் சேரும்."

இந்த விளக்கம் கூட்டத்தைச் சிலிர்க்க வைத்தது. அடுத்த மாதமே பத்திரங்கள் வந்து சேர்ந்தன. தாஜங் தன்னுடையதைப் பிளாஸ்டிக் உறை போட்டு, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு கல்யாணப் போட்டோவைக் கொஞ்சம் தள்ளி மாட்டினார். இத்தனை காலமும் வீட்டுக்குப் பின்னால் இருந்தது வெறும் கொக்கோத் தோப்பு. இப்போது அது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு சதுர மீட்டர். ஒவ்வொரு மீட்டரையும் அவர் நேசித்தார். பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்தால் முன்பெல்லாம் 'போ' என்பார். இப்போது 'அத்துமீறல்' என்றார்.

ஊரில் ஒரே ஒரு துண்டில்தான் சிக்கல். அது தலைவர் குடும்பத்து நிலம். அதன்மேல் நின்றது ஜுமரியாவின் மர வீடு. ஜுமரியா, வாழைப்பழம் பொரித்து விற்கும் விதவை. தலைவரின் தாத்தா அவளுடைய தாத்தாவைப் பார்த்து, "இங்கேயே இரு," என்று சொல்லியிருந்தார். அதுதான் மொத்த ஆவணமும்.

தலைவர் தாஜங்கை அழைத்துக்கொண்டு நேரிலேயே போனார். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் மாறப்போறதில்லக்கா. நீங்க எப்பவும்போல இருக்கலாம். தாள்ல மட்டும் வீடு என் பேருல இருக்கும்."

"நான் எங்க இருப்பேன்?"

"வீட்டுலதான்."

"அது சரி ஹாஜியாரே, தாள்ல?"

தலைவர் தாஜங்கைப் பார்த்தார். தாஜங் தாளைப் பார்த்தார். "தாள்ல... அக்காவுக்கு இடம் இல்ல."

"அதனால என்ன? வருஷத்துக்கு ஒரு விண்ணப்பம் குடுத்தாப் போதும். 'தங்க அனுமதி வேண்டி'ன்னு. நம்ம தாஜங்கே எழுதித் தருவான், அழகான கையெழுத்து."

ஜுமரியா எண்ணெயில் மிதந்த வாழைப்பழத்தைத் திருப்பிப் போட்டாள். "இந்தத் தூணு ஒவ்வொண்ணும் என் புருஷன் மலையில இருந்து இழுத்துட்டு வந்தது. இதுல நான் படுத்துத் தூங்க, உங்ககிட்ட விண்ணப்பம் குடுக்கணுமா?"

"நான் சொல்லலக்கா, சட்டம் சொல்லுது. நகராதது எல்லாம் நிலத்தோட சேர்ந்தது."

"அப்ப நகர்ந்தா?"

தலைவர் நேர்மையானவர். "நகர்ந்தா உங்களுதுதான்."

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் மைக்கில சொல்லிடுங்க. வீடு தூக்கணும்."

வீடு தூக்குவது லப்பாலேயில் ஒன்றும் அதிசயம் இல்லை. வீடுகள் தூண்களில் நிற்கின்றன. தூண்கள் கல்லின்மேல் நிற்கின்றன. மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நாற்பது பேர் தோள் கொடுத்தால் வீடு நடந்துவிடும். மைக்கில் அழைப்பது தலைவரின் கடமை. அழைப்பைக் கேட்டவன் வராமல் இருக்க முடியாது. இன்றைக்குத் தோள் கொடுக்காதவனுக்கு நாளைக்குத் தோள் கிடைக்காது. ஆகவே தலைவரே மைக்கில் அழைத்தார். தலைவரே முதல் தூணுக்குத் தோள் கொடுத்தார். தன் பத்திரத்தில் இருந்த வீட்டைத் தானே தூக்கிக்கொண்டு போன தலைவர் வேறெந்த நாட்டில் உண்டு?

எங்கே இறக்குவது என்று முன்கூட்டியே கேட்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. கேட்டால், இடம் கொடுக்க ஆள் இருக்காதோ என்று ஊரையே சந்தேகப்பட்டதாகிவிடும். தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வழியில் யாராவது "இங்க வைங்க" என்று குரல் கொடுப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு தாஜங்கின் மாமா வீட்டைத் தூக்கியபோது நான்கு பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுத்து, யார் தோப்பில் வைப்பது என்று கைகலப்பே வந்துவிட்டது. அது பத்திரம் இல்லாத காட்டுமிராண்டிக் காலம்.

ஜுமரியா இறங்க மறுத்துவிட்டாள். "நான் உள்ள இருந்தாத்தான் அது வீடு. இல்லன்னா வெறும் பலகை," என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, ஏத்து!" என்றார் தலைவர். வீடு எழுந்தது. நாற்பது பேரும் 'ஓ' என்று கத்தினார்கள். தாஜங்குக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்ன இருந்தாலும் நம்ம ஊரு நம்ம ஊருதான் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் வந்தது சுல்தாங்கின் தென்னந்தோப்பு. கால்கள் தாமாகவே வேகம் குறைந்தன. எல்லாரும் காத்திருந்தார்கள். தூணுக்குத் தோள் கொடுத்திருந்த சுல்தாங் இருமினான்.

"என்னடா சுல்தாங்கு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"எனக்கு ஆசைதான். ஆனா என் மண்ணுல வச்சா, சட்டப்படி வீடு எனக்குச் சொந்தமாயிடுமே! அக்காவுக்கு அந்தத் துரோகத்தை நான் பண்ணமாட்டேன். என் நாக்கு அழுகிப் போயிடும்."

இவ்வளவு நாணயமான மறுப்பை லப்பாலே அதுவரை கேட்டதில்லை. பலர் தலையாட்டினார்கள். தலையாட்டியதில் வீடு லேசாக ஆடியது.

பலகை இடுக்கு வழியாக ஜுமரியாவின் குரல் இறங்கி வந்தது. "உன் குரல் எனக்குத் தெரியும்டா சுல்தாங்கு. சின்னப் புள்ளையில என் வீட்டு வாழைப்பழத்தத் திருடித் தின்னப்ப துரோகம் ஞாபகம் வரலியா? நடங்க, நடங்க."

அடுத்தது ஜமாலுவின் இடம். "என் மேப்பைப் பாத்தீங்கள்ல? நாலு மூலையும் நச்சுன்னு இருக்கு. நடுவுல இன்னொரு வீடு வந்தா மறுபடியும் மொதல்லேருந்து அளக்கணும். பாவம், அந்த சர்வேயர் தம்பிக்கு எவ்வளவு சிரமம்!" என்றார் அவர்.

அதற்கடுத்த வீட்டுக்காரர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். மனைவி சமையலறையிலிருந்தே கத்தினாள்: "என்னை எதுக்குக் கேக்குறீங்க? ஒரு வரில உங்க பேரைத்தான எழுதுனாங்க? அந்த வரியையே போய்க் கேளுங்க!"

இப்படியே ஊரை ஒரு சுற்று வந்தாயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் தோளை எடுக்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்ய வேண்டும். தோள் நாற்பதும் இருந்தது. நிலம்தான் இல்லை.

இரண்டாம் சுற்றில் தாஜங்கின் தோப்பு வந்தது.

தாஜங் வாயைத் திறந்தது உண்மை. அந்தத் தோப்பின் ஓரத்தில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில், ஒரு வீடு நிற்க எத்தனை இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பத்து வருடங்களாக ஜுமரியாவின் வாழைப்பழம் சாப்பிடுகிறவர். அவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது மழையில் ஓடி வந்தவள் ஜுமரியாதான். இரண்டு சொல் போதும், "இங்க வைங்க." ஆனால் கண்முன்னே அந்தப் பிளாஸ்டிக் உறை மினுமினுத்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டிலிருந்து ஒரு வீட்டைக் கழித்தால்...

"கொஞ்சம் வேகமா நடங்கப்பா, தோளு எரியுது," என்றார்.

மேலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. சுல்தாங்கைத் திட்டியவள் தன்னைத் திட்டவில்லையே என்பதுதான் தாஜங்குக்குத் தாங்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. வியர்வை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

தலைவர் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு யோசனை சொன்னார். "பழைய இடத்துலயே கொண்டு போய் வச்சிட்டா என்ன? கல்லுகூட அப்படியே இருக்கு."

"வைங்க ஹாஜியாரே," என்றாள் ஜுமரியா ஜன்னலிலிருந்து. "நான் இறங்கிக்கிறேன். என் புருஷன் இழுத்த மரத்துல உங்க பேரை எழுதி, நீங்களே படுத்துக்கங்க."

நாற்பது பேருக்கும் கால் ஓடவில்லை. வீடு நடுரோட்டில், நாற்பது தலைக்கு மேல், அப்படியே நின்றது. அந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது கிராம அலுவலகம்.

அப்போதுதான் தாஜங்குக்கு ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது. அலுவலக முற்றம் எந்த இலாகாவுக்குச் சொந்தம் என்று இரண்டு இலாகாக்களுக்குள் தகராறு. ஆகவே ஊரிலேயே அந்த ஒரு துண்டுக்கு மட்டும் பத்திரம் வரவில்லை. படிவத்தில் அந்த ஒரு வரி காலியாக இருந்தது.

"இங்க வைங்க!" என்று கத்தினார் தாஜங்.

நாற்பது பேரும் அவரைப் பாசத்தோடு பார்த்தார்கள். தன்னுடையது அல்லாத நிலத்தில் தாராளம் காட்டுவது அரசு ஊழியர்களின் தொன்றுதொட்ட மரபு. தாஜங் அதைக் காப்பாற்றிவிட்டார். தலைவர் "வேண்டாம், வேண்டாம்" என்பதற்குள் தோள்கள் இறங்கிவிட்டன. வீடு அலுவலக வாசல்படியை மறித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஜுமரியா உடனே அடுப்பை மூட்டி, தூக்கியவர்களுக்கு வழக்கப்படி காப்பியும், வாழைப்பழத்தைப் பிசைந்து இலையில் அவித்த பரொங்கோவும் கொடுத்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். தாஜங் தன் பங்கை இலை பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து தலைவர் அலுவலகத்துக்குள் போக வேண்டுமானால் ஜுமரியாவின் வீட்டுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். பெரியவர்களைக் கடக்கும்போது வலக்கையைத் தாழ்த்தி உடம்பை வளைப்பது அந்த ஊர் மரியாதை. தலைவருக்கு அது மறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இப்போது தினமும் இரண்டு வேளை பழகினார். கொடியில் காயும் ஈரத்துணி அவருடைய தொப்பியைத் தொட்டு ஆசீர்வதிக்கும். காலி செய்யச் சொல்லிப் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் நிலத்தின் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. உரிமையாளர் யார் என்பது 'பரிசீலனையில்' இருந்தது.

ஆறு மாதம் கழித்து லப்பாலேக்கு அந்த மாபெரும் கௌரவம் வந்தது: 'முழு உரிமைக் கிராமம்' என்ற கேடயம். நேரில் கொடுக்க நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முற்றத்தில் நிழல் இருந்த ஒரே இடம் ஜுமரியாவின் வீட்டுக்கு அடியில்தான். விழா அங்கேயே நடந்தது. அதிகாரி முதலில் தூணில் நெற்றியை இடித்துக்கொண்டார், பிறகு பேசினார்.

"இந்தக் கிராமத்துல ஒவ்வொரு அடி மண்ணும் யாருதுன்னு தெளிவா இருக்கு. இது நாட்டுக்கே முன்னுதாரணம்!" கைதட்டல். அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டே மேலே பார்த்தார். "ஆமா, இது யாரு வீடு?"

நாற்பது பேரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "அது வந்துங்க... பரிசீலனையில இருக்கு." தாஜங் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பலகை இடுக்கில் ஒரு முகம் தெரிந்தது.

"வீடு யாருதுன்னு இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியுங்க ஐயா. தோள்ல சுமந்தவங்கதான எல்லாரும். ஊரு யாருதுன்னுதான் எனக்குத் தெரியல. ரெண்டு சுத்து சுத்திப் பாத்தேன், கண்ணுல படல. உங்க தாள்ல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி நிஜமாகவே தாளைப் புரட்டிப் பார்த்தார். பத்திரம் வந்தவை நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். எல்லாம் தாஜங்கின் அழகான கையெழுத்து. ஊருக்கென்று அதில் ஒரு வரி இல்லை. ஊரின் பெயர் கேடயத்தில் மட்டும் இருந்தது.