ஆறரைக்கு மேல் அரை மணிக்கு இரண்டு ரூபாய்

இயேசு மரி சூசை துணை

பட்டாபிராம்,
18.9.1989

பேரன்பும் மரியாதையும் உள்ள மச்சான் இக்னேஷியஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சத்தியராஜ் எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. எங்கள் வீட்டு மேஜை மாதா படத்துக்கு நேர் கீழே இருப்பதால் முதல் நலத்தை எழுதக் கை வரவில்லை. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்ற மறுபாதியை மட்டும் எழுதுகிறேன். தாங்கள் திண்டுக்கல்லிலிருந்து போட்ட கார்டு சனிக்கிழமை கிடைத்தது. "மாப்பிள்ளை, ‘அண்ணா, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ’ என்று ரோஸி ஒரே வரி எழுதியிருக்கிறாள், நீர் என்னதான் செய்தீர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரிக்கு இன்லண்டு லெட்டர் எதற்கு, கார்டே போதுமே என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னாலும் பதில் வராது. தங்கள் தங்கை என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான் மச்சான், ஒரு போர்டு எழுதி மாட்டினேன். தாங்கள் கோபத்தோடு ரயிலேறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஸ்டோர்கீப்பராக இருந்த கம்பெனியைப் பொங்கலுக்கு மறுவாரம் லாக்-அவுட் செய்தது தங்களுக்குத் தெரியும். கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்தோம், பந்தலுக்கு வாடகை ஏறியதுதான் மிச்சம். அப்போதுதான் ரோஸி பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் பெண் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதைப் பார்த்து வேலைக்குப் போகிற மற்ற பெண்களும் கொண்டுவந்து விட, ஏப்ரலுக்குள் வீட்டில் ஏழு குழந்தைகள். ரேட்டு என்ன என்று யாராவது கேட்டால், "முடிஞ்சதைக் குடுங்க" என்பாள் தங்கள் தங்கை. முடிந்தது என்று ஒருத்தி முருங்கைக்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி ரவிக்கைத் துணி கொடுத்தாள், இன்னொருத்தி இருபது ரூபாய் கொடுத்துவிட்டு மறுநாள் பத்து ரூபாய் கைமாற்றாக வாங்கிக்கொண்டு போனாள். வீட்டு வாடகைக்கு முருங்கைக்காயைக் கொடுக்க முடியுமா? பதினாறு வருஷம் ஒரு போல்ட்டைக்கூடச் சீட்டில்லாமல் வெளியே விடாதவன் நான். ஒரு பலகையைத் தேடி எடுத்து, வெள்ளை பெயிண்டில் ரேட்டு எழுதி வாசலில் மாட்டினேன். மாதம் அறுபது, கால்சட்டை நனைக்கிற பிள்ளைக்கு எழுபது, சாப்பாடு நாம் போட்டால் தொண்ணூறு. இதில் என்ன அநியாயம் இருக்கிறது?

முதல் சண்டைக்குக் குப்பம்மாதான் வந்தாள். "இன்னாண்ணே இது? எம்பொண்ணு பதினோரு மணிக்குப் படுத்தா மூணு மணிக்குத்தான் ஏந்திருக்குது. தூங்கற புள்ளைக்கு இன்னா செலவு கீது? அதுக்கும் துட்டா?" என்றாள். யோசித்துப் பார்த்ததில் அதிலும் நியாயம் இருந்தது. ஓடாத மெஷினுக்கு யாரும் எண்ணெய் ஊற்றுவதில்லை. ஆகவே தூங்கும் நேரத்துக்குப் பாதி ரேட்டு என்று போர்டில் ஒரு வரி சேர்த்து, எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குக் கண்ணை மூடியது, எப்போது திறந்தது என்று எழுத ஒரு நோட்டும் போட்டேன். ஏழு குழந்தைகளின் இமைகளையும் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன் மச்சான், லாக்-அவுட்டான மனிதனுக்கு அதுவும் ஒரு டியூட்டிதான். இரண்டாவது வாரம் குப்பம்மாவின் பெண் தூங்கிக்கொண்டே வந்தது. சோற்றுக்கு எழுப்பினால் எழவில்லை, மூன்று மணிக்கும் எழவில்லை, நான் நோட்டில் பெருமையாக எழுதிக்கொண்டிருக்கும்போது ரோஸி அதன் வாயை மோந்து பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் டாக்டரிடம் ஓடினாள். நல்ல வேளை, சாயங்காலம் கண் விழித்துவிட்டது. குப்பம்மா எங்கள் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இருமல் மருந்துதாண்ணே, ரெண்டே ரெண்டு மூடி. மாசம் பாஞ்சு ரூபா மிச்சமாவுமேன்னு..." என்றாள். அந்த வரியை அன்றைக்கே அழித்துவிட்டேன். "இந்த ரேட்டு வெக்கிற வேலைய விட்ருங்க, உங்க கைக்கு அது ஆகல" என்றாள் ரோஸி. நான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. அழித்த இடம் காலியாக இருந்தது, அதில் தாமதக் கட்டணத்தை எழுதினேன். ஆறரை மணிக்கு மேல் அரை மணிக்கு இரண்டு ரூபாய். அதற்கும் காரணம் உண்டு. டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து ஜெகதாம்பாள் டீச்சர் என்று ஒரு அம்மாள் தன் பேத்தியை விட்டுப் போவார், ஏழு மணிக்கு வந்து, "சாரி சார், சாரி சார்" என்று கூனிக் குறுகி நிற்பார். கட்டணம் வைத்த மறுநாளிலிருந்து சாரியும் போயிற்று, கூச்சமும் போயிற்று. ஆவடி மார்க்கெட்டில் நிதானமாகக் காய்கறி வாங்கி, கோயிலுக்கும் போய்விட்டு, எட்டு மணிக்கு வந்து ஆறு ரூபாயை எடுத்து நீட்டி, "கரெக்டா இருக்கா சார்?" என்பார். காசு கொடுத்தாகிவிட்டது, அதன் பிறகு அது அவர் நேரம். யாரைச் சீக்கிரம் வரவைக்கப் போர்டு எழுதினேனோ அவர் இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தார். சீக்கிரம் வந்தது புஷ்பா மட்டும்தான்.

புஷ்பாவைத் தங்களுக்குத் தெரியாது. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை. புருஷன் பம்பாய்க்கு வேலை தேடிப் போய் இரண்டு வருஷம், ஒரு கடிதாசி இல்லை. மகனுக்கு இரண்டு வயது, பெயர் உத்தமன், தொழில் கடிப்பது. அம்பத்தூரில் ரயிலேறி, பட்டாபிராமில் இறங்கி, அங்கிருந்து எங்கள் வீடு வரைக்கும் ஓட்டம்தான். ஆறு இருபத்தெட்டுக்கு மூச்சிரைக்க வந்து நிற்பாள், முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் பிள்ளையைப் பார்ப்பாள். அதைக் கண்டு நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் மச்சான். இவள் ஒருத்தியாவது நம் போர்டை மதிக்கிறாளே என்று நினைத்தேன்.

ஆகஸ்டு முப்பதாம் தேதி, புதன்கிழமை. வண்டி இந்துக் கல்லூரி தாண்டி சிக்னலில் வெகுநேரம் நின்றுவிட்டதாம். பட்டாபிராம் பிளாட்பாரம் வந்ததும், வண்டி நிற்பதற்கு முன்னாலேயே புஷ்பா குதித்திருக்கிறாள். புடவை சிக்கியது என்று ஒருவர் சொல்கிறார், பின்னாலிருந்து தள்ளினார்கள் என்று ஒருவர் சொல்கிறார். ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் சுலைமான்தான் சைக்கிளில் வந்து சொன்னார். "சார், அந்தப் பொண்ணு உங்க ஊட்டுக்குத்தான் சொல்லச் சொல்லிச்சு. ரத்தத்துல கெடந்துகினு, மணி இன்னா, மணி இன்னான்னே கேட்டுகினு இருந்துச்சு சார்." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நாற்பது. பாழாய்ப்போன பழக்கம் மச்சான், என்ன கட்டணம் என்றும் மனசு கணக்குப் போட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் பவர் மெஷினில் தைக்கிறவள். இனி அதை எதைக் கொண்டு மிதிப்பாள்?

அன்றிலிருந்து உத்தமன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ராத்திரி தங்கும் பிள்ளைக்குப் போர்டில் ரேட்டு இல்லை. போர்டே இப்போது இல்லை. ரோஸி அதைக் கழற்றித் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகப் போட்டுவிட்டாள், எழுத்து கீழ்ப்பக்கம். என்னோடு பேசுவதெல்லாம் உத்தமன் வழியாகத்தான். "உத்தமா, தட்டு வெச்சாச்சுன்னு அவர்கிட்ட சொல்லு" என்பாள். அவன் வந்து என் முழங்கையைக் கடித்துவிட்டுப் போவான், நான் புரிந்துகொண்டு எழுந்துபோய்ச் சாப்பிடுவேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். நானும் இரண்டு தடவை ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன், இரண்டு தடவையும் வார்டு வாசலோடு திரும்பிவிட்டேன், ரொட்டியை ரயிலிலேயே தின்றேன்.

மச்சான், தாங்கள் நியாயம் தெரிந்தவர். எத்தனையோ பேர் தினமும் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிறார்கள். சிக்னலை நான் போடவில்லை, புடவையை நான் கட்டிவிடவில்லை. இரண்டு ரூபாய் கஷ்டமாக இருக்கிறது என்று அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன கல்லா? தாங்கள் வந்து தங்கைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் போய்விட்டால் பிள்ளைகளை யாரும் என்னை நம்பி விடமாட்டார்கள், வாடகை நிற்கும், சாமானைத் தெருவில் வைப்பார்கள். அதுகூடப் பெரிதில்லை. அவள் குரல் என் பக்கம் திரும்பாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா தங்கள் வீட்டு வாசலில் எப்போதும் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ம. சத்தியராஜ்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது பொய். சொன்னாள். அன்றைக்குக் காலையில் ரோஸி பூசைக்குப் போயிருந்தபோது புஷ்பா என்னிடம் கேட்டாள். "அண்ணே, மாசக் கடைசி, ஓவர்டைம் போட்டுக்கிறாங்க, அரை அவர் லேட்டாவும். இன்னிக்கி ஒரு நாளு மட்டும் அந்த ரெண்டு ரூபா போடாதண்ணே, கையில ஒண்ணுமே இல்ல" என்றாள். நான் வாயைத் திறந்து பதில்கூடச் சொல்லவில்லை மச்சான், விரலை நீட்டிப் போர்டைக் காட்டினேன். ஓவர்டைமைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் அந்த வண்டியைப் பிடித்திருக்கிறாள். ரோஸிக்கு இது தெரியாது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "உத்தமா, மாமா மேல ஒரு தப்பும் இல்லன்னு உங்கம்மா சொல்லுது, பேசுங்கக்கான்னு சொல்லுது" என்றாள். பிள்ளையை இங்கே விட்டிருக்கிறவள் வேறு என்ன சொல்வாள்? ரோஸி இன்றைக்கோ நாளைக்கோ என்னோடு பேசிவிடுவாள் போலிருக்கிறது. ஆகவே தாங்கள் எனக்காகப் பரிந்து பேச வர வேண்டாம். வந்து இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது நான் வீட்டில்தான் இருப்பேன்.