லீவு லெட்டர் விமானம் ஏறிய கதை

இந்தியாவிலேயே மிக அதிகமாக லீவு லெட்டர் எழுதியவரும் மிகக் குறைவாக லீவு எடுத்தவரும் ஒரே ஆள்தான். இலுப்பூர் பக்கம் நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையின் பேனல் ஆபரேட்டர் அவர். சட்டைப் பையில் எப்போதும் தேதி போடாத லெட்டர் ஒன்று இருக்கும். அதனால் பெயரே லீவு லெட்டர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

லீவு கிடைக்காததற்கு முதலாளி காரணமில்லை, பேனல்தான் காரணம். நெல் ஊறுவது, அவிவது, காய்வது எல்லாவற்றையும் நடத்தும் அந்த இரும்பு அலமாரியைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பட்டன்களில் எழுத்து அழிந்துபோய், எது எதற்கென்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் அதற்குச் சளி பிடித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவந்து உள்ளே சூடு காட்டுவார். பிறகு கதவை இடுப்பால் ஓர் இடி இடித்து, "கெளம்புங்க, நேரமாச்சு" என்பார். கிளம்பிவிடும். அதே பட்டன்களை அதே வரிசையில் நான் அழுத்தினால் ட்ரிப் ஆகி நின்று ஊளையிடும். என் இடுப்பு போதாது என்பது அவர் கருத்து.

அவருடைய தங்கை மகளுக்குக் குடுமியான்மலையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்த நேரம், பேனல் நின்றுவிட்டதென்று நான் போன் செய்தேன்.

"இன்னொரு காது இருக்கு தம்பி. முடிஞ்சதும் வாரேன்."

"தொட்டியில நெல்லு புளிச்சுப் போயிரும்ணே."

பட்டு வேட்டியோடு வந்து இறங்கினார். இரண்டாவது காதை ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்தினார்களாம். தங்கை ஒரு வருடம் பேசவில்லை.

அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் கூப்பிட்டானென்று எடுத்த பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட வாங்காமல் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பேரன் பிறந்தான். எட்டு மாதமாக அவனை போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மனைவி சொல்லிவிட்டார்: "நான் போயி பேரனத் தூக்கிக்கிறேன். நீங்க ஒங்க பேனலுக்கு மொட்டை போட்டு காது குத்துங்க."

அந்தச் சமயத்தில்தான் முதலாளி புது பேனல் போடப்போவதாக அறிவித்தார். மனிதர் உடைந்துபோவார் என்று ஆறுதல் சொல்லப் போனேன்.

"பழசு போகுதேன்னு வருத்தமாண்ணே?"

"கடப்பாறை எங்க இருக்கு தம்பி? நானே பேத்துத் தாரேன்."

கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் அம்மா ஒருவர் வந்தார். பழைய பேனலுக்குக் காகிதம் எதுவும் கிடையாதென்பதால், இரண்டு நாள் அதன் எதிரே உட்கார்ந்து எந்த விளக்கு எப்போது எரிகிறது என்று கடிகாரம் வைத்து எழுதினார். எழுதியதை அப்படியே புது பேனலில் ஏற்றினார். மகன் டிக்கெட் போட்டுவிட்டான். நான்கு நாளில் திருச்சியிலிருந்து விமானம்.

வெள்ளோட்டம் பிரமாதமாகத் தொடங்கியது. நெல் அவிந்தது, ஆவி நின்றது. அடுத்து தொட்டியின் கதவு திறக்க வேண்டும், திறக்கவில்லை. முதலாளிக்கு வியர்த்தது. லீவு லெட்டர் பையிலிருந்த லெட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆறு நிமிடம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல் கதவு திறந்தது.

இன்ஜினியர் குறிப்பைப் புரட்டினார். "ரெண்டு நாளும் இந்த எடத்துல ஆறு நிமிஷம் நின்னுச்சே சார். இது எதுக்கு?"

லீவு லெட்டர் தலையைச் சொறிந்தார். "அது... நான் வெளிய போயி டீ குடிச்சிட்டு வர்ற நேரம் மேடம்."

சிரித்து ஓய்ந்து, அந்த ஆறு நிமிடத்தை நீக்கிவிட்டு அடுத்த தொட்டியை ஓட்டினார்கள். அரிசி நடுவில் வெள்ளை விழுந்து, அரைவேக்காடாக வந்தது. உள்ளே தங்கிய சூட்டில் நெல் வெந்து முடிவது அந்த ஆறு நிமிடத்தில்தானாம். இன்ஜினியர் அதைத் திரும்பச் சேர்த்து, திரையில் 'டீ நேரம்' என்று பெயரும் போட்டார். அரிசி ஒழுங்காக வந்தது.

"இத்தன வருஷமா அரிசியக் காப்பாத்தத்தான் டீ குடிச்சிருக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல" என்றார். பிறகு லெட்டரில் தேதி போட்டு என்னிடம் நீட்டினார்.

போனார். ஆலை ஒரு முறைகூட ட்ரிப் ஆகவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் எனக்கு என்னவோபோல் இருந்தது. போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் குழந்தைச் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, நின்னுருச்சா?"

"இல்லண்ணே, நல்லா ஓடுது. சும்மாதான் கூப்பிட்டேன்."

"அப்புடியா... சாப்ட்டியா?" என்றார்.

பதினோரு வருடத்தில் நாங்கள் இருவரும் நெல்லைத் தவிர வேறு எதையாவது பேசியது அன்றைக்குத்தான். அரை மணி நேரம் பேசினோம்.