கிண்டி சீட்டுக்கு ஒரு நன்றிப் பூசை

"இனிமேல் இந்த வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒரு முடிவும் எடுக்கப்படாது" என்று என் கணவர் கிறிஸ்துதாஸ் அறிவித்தார். அறிவித்த இடம் சாப்பாட்டு மேஜை. கையில் பாதி அப்பளம்.

இந்தத் தீர்மானத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்திருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருப்போம்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் ஜெயசீலிக்கு பிளஸ் டூவில் நல்ல மார்க். நுழைவுத் தேர்விலும் மோசமில்லை. இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குக் கடிதம் வந்துவிட்டது. தொண்ணூற்றெட்டில் கவுன்சலிங் என்ற சொல்லே புதுசு. என்னமோ மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்த மாதிரி எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கிண்டிக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிற பெரிய அரசுப் பல்கலைக்கழகத்திலேயே சீட்டு வாங்கி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. என் ஆசையும் அதேதான். அப்பா கூடப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும்.

அப்பாவின் ஆசை வேறு. பட்டாபிராமை விட்டு நகராமல் காலையில் டைப்ரைட்டிங், மாலையில் அஞ்சல் வழி பி.காம்.

அதை நேராகச் சொல்லவும் மாட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிற மனிதர். யாராவது ஒரு டஜன் போல்ட் கேட்டால், இல்லை என்று சொல்லாமலேயே வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிற வித்தை அவருக்குத் தெரியும். அதே வித்தையை வீட்டில் காட்டினார். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டு, இந்தப் பக்கம் வாய்ப்பு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாய்ப்பு நாற்பது சதவீதம்தான் வருது, செலின்."

"நேத்து அறுபதுன்னீங்க."

"நேத்து உலகநாதனைப் பார்க்கலை."

உலகநாதன் இவருடைய மின்சார ரயில் சிநேகிதர். ஆவடியில் ஏறுவார். ஏறியதும் உலக விவகாரம் அவர் பொறுப்புக்கு வந்துவிடும்.

"அவரு மச்சினர் ஊட்டுப் பக்கத்துல ஒரு பையனுக்குப் போன வருஷம் அங்க கிடைக்கலையாம்."

"அந்தப் பையன் மார்க் என்ன?"

"அதைக் கேட்கறதுக்குள்ள அம்பத்தூர் வந்துடுச்சு."

மறுநாள் வாய்ப்பு இருபத்தைந்துக்கு இறங்கியது. அதற்கும் மறுநாள், காற்று அடித்தால் இன்னும் குறையும் போலிருந்தது. ஜெயசீலி சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதி கல்யாணத்தின் முதல் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது. கவுன்சலிங் கடிதத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"ஏங்க, இதுல ரெண்டு ரேங்க் போட்டிருக்கு. பொது ரேங்க் ஒண்ணு. கம்யூனிட்டி ரேங்க் ஒண்ணு. நீங்க எதை வச்சுக் கணக்குப் போட்டீங்க?"

"பெருசை வச்சு."

"ஏன்?"

"பெருசா தெரிஞ்சுது."

"சின்னதையும் சேர்த்துத்தான் சீட்டு கொடுப்பாங்க. அதை வச்சுப் பார்த்தா சிவிலோ வேற ஏதோ ஒண்ணோ நிச்சயம் கிடைக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாய்ப்புப் பக்கம் தோற்றுப்போனதும், கூச்சமே இல்லாமல் செலவுப் பக்கத்துக்குத் தாவினார்.

"கிடைச்சாலும் கட்டுப்படியாகணும்ல. பக்கெட்டு, குடை, மெஸ், செருப்புத் தேய்மானம், எதிர்பாராத பசி..."

"எதிர்பாராத பசின்னா?"

"ஹாஸ்டல் இட்லியைப் பார்த்துட்டு எழுந்து வந்த பிறகு எடுக்கற பசி."

"அதெல்லாம் சரி. ஃபீஸ் எங்க?"

தாளின் அடி மூலையில், எறும்பு எழுதின மாதிரி ஒரு வரி இருந்தது. இருக்கிறதிலேயே சின்னத் தொகை அதுதான். அரசாங்கம் கேட்பது கொஞ்சம். இவர் செருப்புக்குப் போட்டிருந்தது அதைவிட அதிகம்.

"அவ என்ன, கிண்டிக்கு நடந்தே போகப்போறாளா?"

காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டு விவகாரம் அவளுக்கு ரேடியோ மாதிரி. திருகத் தேவையில்லை.

"இன்னாக்கா, அண்ணாத்தே மூணு நாளா எய்திகினே கீறாரே, ராக்கெட்டு வுடப் போறாரா?"

"பொண்ணைப் படிக்க அனுப்பக் கணக்குப் போடறாரு."

"நீ ஊட்டுக்குள்ளாற கத்திகினு கெட. போன வருசம் உங்க கோயில்ல நாலு பேரு முன்னால கையைப் புடிச்சி 'நீங்க தான் பெரியவரு'ன்னாங்கோ. ஒரு ஃபேனே வாங்கிக் குட்த்துட்டு வந்தாரா இல்லியா?"

கொடுத்தார். எங்கள் வீட்டு ஃபேன் இன்னும் கிரீச்சென்று அழுதுகொண்டுதான் சுற்றுகிறது. ஆனால் அவள் சொன்னது என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை மத்தியானம், ஜெயசீலி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, கடைசியாக நேர்வழியில் கேட்டுப் பார்த்தேன்.

"நிஜத்தைச் சொல்லுங்க. எதுக்கு அவளைப் போகவிட மாட்டேங்கறீங்க?"

ரொம்ப நேரம் காலண்டர் தாளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அவ போயிட்டா வீட்ல நானும் நீயும் மட்டும்தானே இருப்போம்."

"ஆமா."

"அதான்."

மனிதருக்கு அதற்குள் தைரியம் கூடிவிட்டது.

"அப்படி அவ போகணும்னா, ரூம் காலியாத்தானே கிடக்கும். அரக்கோணத்துல எங்க ரோஸி அக்கா தனியா கிடக்கறாங்க. அவங்களை..."

"அந்தப் பேச்சே வேண்டாம்."

என் நாத்தனார் ரோஸி போன தடவை ஒரு வாரம் தங்கினார். விடிவதற்கு முன்னால் எழுந்து, தெருவே கேட்கிற மாதிரி ஜெபமாலை சொன்னார். உப்பு ஜாடி பீரோவுக்குப் போனது. என் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "பரவாயில்லை, பசிக்கு நல்லாயிருக்கு" என்றார். அன்றைய ரசத்தில் மிளகு சற்றுக் கூடிப்போயிற்று. தற்செயல்தான்.

அன்று சாயங்காலம் கோயில் ஆபீசுக்குப் போனேன். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். இறந்தவர்களுக்காக, நோயாளிகளுக்காக, நன்றிக்காக யாராவது பூசைக்குக் காணிக்கை கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை பூசை ஆரம்பத்தில் சாமியார் அதை மைக்கில் வாசிப்பார். எழுதிக்கொள்பவர் உபதேசியார் ஆரோக்கியசாமி. நான் சொன்னதைக் கேட்டு அவர் பேனாவை நிறுத்தினார்.

"இன்னும் சீட்டே வாங்கலையேம்மா. அதுக்குள்ள நன்றியா?"

"நடந்ததுக்கு மட்டுமில்லை, நடக்கப்போறதுக்கும் நன்றி சொல்லலாம்னு எங்க கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்காங்க, உபதேசியாரே."

கான்வென்ட் என்றால் அவருக்குத் தனி மரியாதை. எழுதிவிட்டார். காணிக்கை என் கணவரின் சட்டைப் பையிலிருந்து. நன்றி அவருக்குத்தானே.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் முன்வரிசையில், அவர் வாங்கிக் கொடுத்த ஃபேனுக்கு நேர் கீழே, இவர். சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"தன் அன்பு மகள் ஜெயசீலியைக் கிண்டிப் பல்கலைக்கழகத்தில் சேர்த்து, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவைக்கப் பெரிய மனதோடு தீர்மானித்திருக்கும் திரு. கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு இறைவன் தந்த நல்ல எண்ணத்துக்காக நன்றி கூறி, குடும்பத்தார்."

இவருடைய தலை பெண்கள் பக்கமாக மெதுவாகத் திரும்பியது. நான் பாட்டுப் புத்தகத்தில் மும்முரமாகப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு முழங்காலிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

சாமியார் அதோடு விட்டாரா? பிரசங்கத்திலும் இழுத்தார். பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தகப்பனுக்கு உதாரணம் தேட நாம் வெளியூர் போக வேண்டாம் என்றார். அதுவரை கூனிக்கொண்டிருந்த இவருடைய முதுகு அந்த இடத்தில் நிமிர ஆரம்பித்தது. எனக்கு நிம்மதியானது.

பூசை முடிந்ததும் வாசலில் கூட்டம். ரிட்டயர்டு வாத்தியார் ராயப்பன் இவர் கையைப் பிடித்து விடவே இல்லை.

"பெரிய மனசுங்க உங்களுக்கு."

"இதுல என்னங்க இருக்கு" என்றார் இவர்.

"செலவு நிறைய ஆகுமே?"

"அரசுப் பல்கலைக்கழகம்தானே. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். ஃபீஸ் ஒரு விஷயமே இல்லை."

"சீட்டு கிடைச்சுடுமா?"

"கம்யூனிட்டி ரேங்க்கைப் பார்க்கணும் வாத்தியாரே. நிறையப் பேர் பெருசை மட்டும் பார்த்து ஏமாந்துடறாங்க."

வீட்டுக்கு நடக்கும்போது தெருமுனையில் சட்டென்று நின்றார். பிறகு கேட்டார்.

"காணிக்கை யார் கொடுத்தது?"

"நீங்கதான்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கிண்டியில் சிவில் கிடைத்தது. புதன்கிழமை ரயிலில் உலகநாதனுக்கு அரை மணி நேரம் பாடம் நடந்ததாம். பாடம் நடத்திய மும்முரத்தில் இவர் அம்பத்தூரில் இறங்க மறந்து வில்லிவாக்கம் போய்விட்டாராம். ஆடி பிறந்த கையோடு பக்கெட்டு, குடை, ஊறுகாய் பாட்டில் சகிதம் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். கிண்டியிலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். சென்ட்ரலில் மாறி ஏறிய பிறகும் ஜன்னல்தான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம் அவரை நான் திட்டவில்லை. ரசத்தில் மிளகு அளவாகவே போட்டேன். அவரும் சாயங்காலம் வந்ததும் மகளுடைய ரூமிலேயே இருந்தார். ஒட்டடை அடித்தார். கட்டில் காலைத் தட்டிச் சரி செய்தார். ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட்டார். பிள்ளையைப் பிரிந்த துக்கத்தை எப்படியோ ஆற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்காமலே காப்பி கூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீ ரொம்ப மாறிட்டே செலின்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அரக்கோணத்தில் தனியாக வாழும் தன் நாத்தனார் ரோஸி அம்மாளை அழைத்து வந்து, இனித் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப் பெரிய மனதோடு முன்வந்திருக்கும் திருமதி செலின் அவர்களுக்காக நன்றி கூறி, குடும்பத்தார்."

ஆண்கள் பக்கம் திரும்பினேன். பாட்டுப் புத்தகத்தில் அவர் மும்முரமாகப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வாசலில் ராயப்பன் வாத்தியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தாள். பின்னால் இன்னும் பத்துப் பேர்.

"இந்தக் காலத்துல யாரும்மா இப்படி? பெரிய மனசு உனக்கு."

"இதுல என்னங்க இருக்கு" என்று சொன்னது என் வாய்தான்.