வெங்கடப்பாவுக்கு நான் போட்ட மாலை

வீட்டு ஓனரின் மனதைக் குளிர வைக்க அவருடைய கொள்ளுத்தாத்தாவைக் கொண்டாடினால் போதும் என்று கண்டுபிடித்த அறிவாளி நான்தான்.

ஓசூரில் நான் குடியிருந்தது வெங்கடப்பா கட்டடம். நூறு வருஷத்துக்கு முன் வெங்கடப்பா என்ற புளி வியாபாரி கட்டியது. ஒரே வாசல், எட்டுக் குடித்தனம். மூட்டையோடு இரண்டு பேர் எதிரெதிரே ஏறி இறங்கும்படி படிக்கட்டை மட்டும் தாராளமாகக் கட்டியிருந்தார். (வீடுகளை அப்படிக் கட்டவில்லை. அவருக்குப் புளிதான் முக்கியம்.) கீழே ஓர் அறையில் கம்பெனி நண்பர்களோடு நான் இருந்தேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தனி வீடு பார்த்த பிறகுதான் பத்திரிகை அடிப்பேன் என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். மாடியில் ஒரு வீடு காலி. ஓனர் வெங்கடப்பாவின் கொள்ளுப்பேரன். பெங்களூர்வாசி, நான் பார்த்ததே இல்லை. அந்த வீடு யாருக்கு என்று ஆயுதபூஜையன்று நேரில் வந்து சொல்வதாக இருந்தார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் தலைப்பாகையும் மீசையுமாக ஒரு பெரிய படம். வெங்கடப்பா என்று நானே முடிவு செய்தேன். அன்று காலை அதைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, ரோஜா மாலை போட்டு, சீரியல் பல்பும் கட்டிவிட்டுக் கம்பெனி பூஜைக்குப் போனேன்.

பொரிப் பொட்டலத்தோடு திரும்பினால் வாசலில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் பாயின் மனைவி ஷாஹிதா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓனர் போயிட்டாருப்பா. படத்துல மாலையப் பாத்துதான் எங்களுக்கே தெரியும். போன் போட்டாலும் எடுக்கல."

மாலையைக் கழற்ற ஓடினேன். முதல் படியில் கால் வைப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. படத்தில் இருந்த அதே மீசை இறங்கியது. (வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத நல்ல மனிதர்.) வாசலிலிருந்தே சீரியல் பல்பு மின்னும் தன் படத்தைப் பார்த்துவிட்டார்.

"நான் எப்பப்பா செத்தேன்?"

எல்லோரும் என் சந்தனக் கையைப் பார்த்தார்கள். வெங்கடப்பா என்று நினைத்ததாக உளறினேன்.

"அவரு போட்டோவே எடுத்துக்கல. எடுத்தா ஆயுசு கொறஞ்சிரும்னு பயந்தாரு. என் அறுபதாம் கல்யாணத்துக்கு அவரு தலைப்பாகைய நான் கட்டிக்கிட்டு எடுத்ததுப்பா இது."

என் கல்யாணம் போச்சு என்று நின்றேன். அவரோ நாற்காலிகளையும் அழுத முகங்களையும் நிதானமாகப் பார்த்தார். வாடகை ஏற்றியபோது திட்டிய அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மீசைக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இவ்ளோ பேரு அழுவாங்கன்னு தெரியாமலே போயிருப்பேன். மாடி வீடு உனக்குத்தான்."

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். ஆயுதபூஜை காலையில் பெங்களூரிலிருந்து ஒரு போன் வரும். ஹலோ கூடக் கிடையாது. "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் என் மனைவி வண்டிக்குப் போட வேண்டிய மாலையை என் கையில் கொடுப்பாள்.