முதல் ரக முகம்

ஞாயிற்றுக்கிழமை பூண்டு உரிப்பது பங்கஜம். எப்படி உரிக்க வேண்டும் என்று நாற்காலியிலிருந்து சொல்வது அவள் கணவர் கோவிந்தராஜ். ஆம்பூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தட்டுப்படும் இந்த இனத்துக்குத் ‘தோல் தெரிந்தவர்’ என்று பெயர் வைப்போம்.

தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருடம் ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நீவி, இது முதல் ரகம், இது கழிவு என்று பிரித்துப் போட்டவர். ஓய்வுக்குப் பிறகு தோல் வருவது நின்றது, விரல் நிற்கவில்லை, ஆகவே மணப்பெண், பஸ் கண்டக்டர், பால்காரர் என்று எதிர்ப்படும் முகத்தையெல்லாம் தரம் பிரிக்கிறார். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை.

இப்போது வீட்டுக்குள்ளேயே சரக்கு வந்துவிட்டது. மகள் சௌம்யா, பரு வடு போக, வேலூரில் ஒரு டாக்டரிடம் முகத்துக்கு, ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் செய்துகொண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவளுக்கு நிச்சயதார்த்தம். டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்: முதல் நாள் சிவக்கும், அப்புறம் இறுக்கிப் பிடிக்கும், மூன்றாம் நாள் வாயோரத்தில் உரிய ஆரம்பிக்கும், ஒரு வாரத்தில் அடங்கும், க்ரீம் போடு, வெயிலில் போகாதே, கையால் மட்டும் பிய்க்காதே, பிய்த்தால் கறை நின்றுவிடும்.

இன்று மூன்றாம் நாள். தாடையில் உரிந்த தோல் துண்டு ஒன்று ஃபேன் காற்றில் ஆடுகிறது. கோவிந்தராஜின் விரல் சும்மா இருக்குமா?

“ஆசிட் ஜாஸ்தி, கழுவுனது கம்மி. அதான் கோளாறு.”

“இப்டித்தான் உரியும்னு டாக்டரே சொன்னாருப்பா.”

“அவரு எத்தினி தோல் பாத்திருப்பாரு? நான் ஒரு நாளைக்கு எண்ணூறு பாத்தவன். கிட்ட வா, ஒரே இழுப்பு.”

“நீங்க பாத்த ஆட்டுக்கெல்லாம் அடுத்த வாரம் நிச்சயதார்த்தமா?”

நல்ல கேள்வி. ஆனால் இந்த இனம் கேள்வியைக் காதில் வாங்காது, கையை நீட்டும். நீட்டினார். தாடைக்கு ஒரு விரல்கடை இருக்கையில், அந்தக் கைக்குள் பூண்டுக் கிண்ணத்தைத் திணித்தாள் பங்கஜம்.

“உரிக்க அவ்ளோ ஆசையா இருந்தா இத உரிங்க.”

உரித்தார். முழுக் கிண்ணமும்.

நீங்கள் இந்த இனமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துண்டு ஆடியபோது, ‘கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமே’ என்று மனசுக்குள் வைத்தியம் சொன்னது யார்? இப்போது உங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பது யார் கை?

வெள்ளிக்கிழமைக்குள் சௌம்யாவின் முகம் கறையில்லாமல் அடங்கியது. க்ரீம்தான் பாதியாகியிருந்தது. சௌம்யா தேடிப் போனால், கோவிந்தராஜ் கண்ணாடி முன் நின்று தன் கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நீவிக்கொண்டிருந்தார். காதோரம் வெள்ளை வெளேரென்று அவள் க்ரீம்.

“இன்னா ரகம்ப்பா அது?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் அறையை விட்டுப் போனார்.